பச்சைப் பொத்தான்

"வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது? சொன்னா புரியாதா உனக்கு?"

தினுஷா கத்தியது அடுத்த காம்பரா வீட்டுக்கும் கேட்டது. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த புஷ்பவதிக்குப் பக்கென்றது. "யாருடி அவன்? உன் பின்னாடி சுத்துறானா?"

"சுத்துறான்தான். இந்தா, பாரு." தினுஷா போனை நீட்டினாள். திரையை மறைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலப் பெட்டி நின்றது. "குக்கீஸ்ம்மா. நாம எதப் பாக்குறோம், எங்க போறோம்னு வேவு பாக்க அனுமதி கேக்குறான். வேண்டாம்னா முந்நூறு கம்பெனி பேரக் காட்டி, ஒவ்வொண்ணா வேண்டாம்னு சொல்லுங்குறான். நாளைக்குத் திரும்ப முதல்ல இருந்து கேப்பான்."

"என்னைய வேவு பாத்து என்னத்தக் காணப்போறான்? கொழுந்துக் கூடையையா?"

"சிரிக்காதம்மா."

வீட்டில் இருப்பது அந்த ஒரே போன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் மகளின் ராசிபலனை அதில் பார்க்காவிட்டால் புஷ்பவதிக்குப் பொழுது விடியாது. ராசிபலனுக்கு முன்னால் அந்தப் பெட்டி வந்து நிற்கும். ஆங்கிலம் தெரியாது. பச்சையாகத் தெரிவதை அமுக்கிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

தினுஷாவுக்கு ஆத்திரமே அதுதான். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பின் முதல் பட்டதாரி அவள். "தெரியாதவங்க கையப் புடிச்சு கையெழுத்து வாங்குறதே எல்லாருக்கும் பொழப்பாப் போச்சு" என்று பொரிந்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. கலர் போட்ட பெரிய பொத்தான் அவனுக்கு வேணுங்கறது. அதத் தொடாத. பக்கத்துல வெள்ளையா, வெறும் கோடு போட்டு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அதான் நம்மளுது. திரும்பத் திரும்பக் கேப்பான். விடாம அதையே அமுக்கு."

"பச்சையத் தொடக்கூடாது. சரி." புஷ்பவதி பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "இன்னைக்கு உனக்குத் தூரப் பயணம்னு போட்டிருக்கு புள்ள."

தினுஷா போனை வாங்கி மின்னஞ்சலைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் காத்திருந்தது ஒரே ஒரு மின்னஞ்சலுக்காக. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்பு, செலவு முழுக்க அவர்களுடையது. இருப்பது ஒரே இடம். அடுத்த வருடம் விண்ணப்பிக்க அவளுக்கு வயது தாண்டிவிடும்.

அடுத்த வாரம் அவளுக்கு டெங்கு வந்தது. தோட்டம் இருந்த எல்கடுவையிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே கண்ணைக் குத்தியது. போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டாள்.

ஐந்து நாளும் புஷ்பவதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். மகளின் ராசிக்கு நல்லதாக ஒரு வரியாவது போட்டிருக்கிறானா என்று.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்ததும் தினுஷா முதலில் தேடியது அந்த மின்னஞ்சலைத்தான். வந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவதில் அவள் தெரிவாகியிருந்தாள். இடத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டு, கீழே இரண்டு பொத்தான்கள் வைத்து, ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். இன்னும் மூன்று நாள் மிச்சம். அம்மாவைக் கூப்பிடுமுன் அடுத்ததையும் பார்த்துவிட நினைத்தாள்.

இரண்டாவதைத் திறந்தாள். 'இந்த இடம் வேண்டாம் என்று நீங்கள் உறுதிசெய்ததால், அடுத்தவருக்கு வழங்கிவிட்டோம். இனி மாற்ற இயலாது.'

"நான் எப்படா வேண்டாம்னேன்? தோட்டத்துப் புள்ளைன்னு தெரிஞ்சதும் கழிச்சுவிட்டுட்டு, பழிய என் தலையில போடுறீங்களா?" போனைப் பார்த்துக் கத்தினாள். கத்தல் பாதியில் உடைந்து அழுகையானது.

குசினி அடுப்படியிலிருந்து பப்பாசி இலைச் சாற்றோடு ஓடிவந்தாள் புஷ்பவதி. மகளின் கையில் போனைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"திரும்ப அந்தப் பெட்டியா? இதுக்கா அழுவுற?" பக்கத்தில் உட்கார்ந்து மகளின் தலையைத் தடவினாள்.

"ஆஸ்பத்திரியில எனக்கும் வந்துச்சு புள்ள. மூணு தடவ கேட்டான், நான் பச்சையத் தொடவே இல்ல."