முப்பத்து மூன்றாவது அத்தியாயம்

கதாநாயகி மரகதம் முதலில் புளியைக் கரைத்து ஊற்றி, அது தளதளவென்று கொதித்ததும் துவரம்பருப்பைப் போட்டாள் என்று நடராசன் வாசித்தபோது, தையல்நாயகியின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னொரு வாட்டி படிங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் படித்தான். முதலில் புளி. பிறகுதான் பருப்பு.

சரி, மகராசி போட்டால் போட்டுவிட்டுப் போகிறாள். தையல்நாயகி புளித்தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

விழுப்புரத்து ரயில்வே லைன் வீடுகளில் இந்தக் கூத்து எல்லோருக்கும் தெரியும். கூட்ஸ் ஷெட் குமாஸ்தா நடராசன் சனிக்கிழமை வாரப் பத்திரிகை வாங்கி வருவான். ஞாயிறு காலை அவள் அடுப்பு மூட்டுவாள், அவன் நிலைப்படியில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படிப்பான். அவளும் படிக்கத் தெரிந்தவள்தான், கை ஒழியாது. அந்தக் கதையை எழுதுகிற அம்மாளுக்கு வாரம் ஒரு பதார்த்தம் வைக்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. மரகதம் எதைச் சமைக்கிறாளோ, அன்றைக்கு இந்த வீட்டிலும் அதுதான் சமையல். ஞாயிறு வரை பத்திரிகையை இருவரும் பிரிக்கக்கூடாது என்று ஒப்பந்தம்.

முப்பத்திரண்டு வாரம் இப்படியே போயிற்று.

இன்று கூடத்துப் பாயில் ஒரு விருந்தாளி. ஒலக்கூர் பச்சைமுத்து, காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கியிருந்தார். கலியாணத்துக்கு நிற்கிற பெண்ணின் தகப்பன்.

தையல்நாயகி இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம், இன்னும் தொட்டில் கட்டவில்லை. நடராசனுக்கு இரண்டாம் தாரம் கேட்கிறது. பச்சைமுத்து ஒரே பிடியாக நின்றார். மூத்தவள் வாயால் சரி என்று சொல்ல வேண்டும், அதைத் தன் காதால் கேட்டால்தான் பெண் தருவாராம். மூன்று மாதமாக அந்தச் சொல் தையல்நாயகியின் வாயிலிருந்து வரவில்லை. கெஞ்சியும் வரவில்லை, பட்டினி கிடந்து மிரட்டியும் வரவில்லை.

என்ன பொருத்தமோ, மரகதத்துக்கும் பிள்ளை இல்லை. போன வாரம் அவள் மாமியார் இரண்டாம் கலியாணப் பேச்சை எடுத்த இடத்தில் "தொடரும்" போட்டிருந்தார்கள். மரகதம் என்ன சொல்லப்போகிறாளோ என்று லைன் வீட்டுப் பெண்களெல்லாம் வாரம் முழுக்க அதே பேச்சாக இருந்தார்கள்.

மரகதம் சரி என்று சொல்லிவிட்டாள். நடராசன் அதைக் கூடத்துக்கும் கேட்கும்படி படித்தான். "நாதா, அவளை என் தங்கையாக வைத்துக்கொள்வேன்" என்றாளாம். புருஷன் காலில் விழுந்தாளாம். ஆனந்தக் கண்ணீராம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, பெண் வீட்டாருக்குச் சாம்பார் வைத்தாளாம்.

தூ! போன வாரம் வரை மாமியாரின் வாயை அடைத்தவள் ஏழே நாளில் இப்படியா குழைந்துபோவாள்? நாதாவாம், நாதா! எந்தப் பெண்டாட்டி அடுப்படியில் புகையைக் குடித்துக்கொண்டு நாதா என்று கூப்பிடுகிறாள்? நாடகக் கொட்டகையில் மீசையை மழித்துக்கொண்டு ஸ்திரீபார்ட் போடுகிறவன் சொல்வான்.

"நல்ல பொம்பளை," என்று கூடத்திலிருந்து பச்சைமுத்து மெச்சிக்கொண்டார்.

நடராசன் தலையை நீட்டி, பால்சட்டியைப் பார்க்கிற பூனை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கொதித்தது. இரண்டு தடவை தண்ணீர் விட்டாள். பருப்பு போட்டது போட்டபடியே கிடந்தது. கிடக்காமல் என்ன செய்யும்? பருப்பு மலர்கிற வரை புளியைக் கிட்டே காட்டக்கூடாது என்று பாவாடை கட்டிய குட்டிக்குக்கூடத் தெரியும். சாப்பிட மட்டும் வந்து உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

அவள் இரண்டு இலை போட்டு, சோற்றில் தாராளமாகச் சாம்பாரை ஊற்றினாள். பச்சைமுத்து ஒரு வாய் வைத்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி இது, பருப்பா கல்லா?" என்று நடராசன் எகிறினான்.

"நீங்க படிச்ச மாதிரிதாங்க வெச்சேன்."

தையல்நாயகி நிலைப்படியில் கிடந்த பத்திரிகையை எடுத்துவந்து பச்சைமுத்துவின் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க மாமா. மரகதம் இன்னா சொல்லிக்கிறாளோ, அதையே நானும் என் வாயால சொல்லிடறேன்."

நடராசன் பதறிப்போய்ப் பத்திரிகையைப் பிடுங்கக் கையை நீட்டினான். கையெல்லாம் சாம்பார். அதற்குள் பச்சைமுத்து இடது கையால் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாகப் புரட்டினார். மரகதத்தைக் காணவில்லை. நடுப்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி இருந்தது. அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"ஆசிரியைக்குக் கடும் ஜுரம் கண்டிருப்பதால் தொடர்கதை இந்த வாரம் வெளிவரவில்லை."

நேற்றுச் சாயங்காலம் நடராசன் குளிக்கப் போயிருந்தபோது, விருந்தாளி வருகிறாரே, என்ன சாமான் வாங்கி வைக்க வேண்டுமோ என்று தையல்நாயகி ஒரே ஒரு தரம் ஒப்பந்தத்தை மீறியிருந்தாள்.

பச்சைமுத்து இலையை மூடாமலே எழுந்தார்.

"ஒலக்கூருக்கு ரெண்டரைக்கு ஒரு பாசஞ்சர் இருக்குது மாமா," என்று சொல்லி, அவர் கை கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள் தையல்நாயகி.