எல்லா மெஷினும் ஒரே மாதிரி

"என்டர் கீயை இடது பக்கம் கொண்டு வரணுமா? எதுக்கு மேடம்?"

வேதாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேகம்பேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து அவள் தனியாக வந்து செய்கிற முதல் வேலை அது. அந்தப் பொதுத்துறைத் தொழிற்சாலைக்கு ஆறு பர்சனல் கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்திருந்தன. கீழே குளுகுளு அறையில் வீற்றிருக்கும் பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃப்ரேமோடு அவை பேச வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரை ஏற்றி, எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அமைத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினால் வேதா ராணி. கையெழுத்து இல்லையென்றால் பழையபடி ஆபீஸில் டெலிபோன் எடுக்கிற வேலைதான்.

கையெழுத்துப் போட வேண்டியவள் செக்‌ஷன் அதிகாரி கிரிஜா. அவள்தான் எதிரே நின்றுகொண்டு வில்லங்கம் பண்ணினாள்.

"என்டர் மட்டும் இல்லை. அழிக்கிறது, அடுத்த ஸ்கிரீன், முந்தின ஸ்கிரீன், எல்லாமே இடது ஓரத்துல வரணும். ரெண்டு கீயைச் சேர்த்து அழுத்தற வேலையே எங்கேயும் கூடாது."

"உங்களுக்கு இடது கைப் பழக்கமா மேடம்?"

"இல்லையே."

"யாருக்காவது வேணும்னா ஒரு மெஷின்ல மட்டும் அப்படிப் போட்டுத் தரேன்."

"நக்கோ, அதெல்லாம் வேண்டாம். ஆறு மெஷின்லயும் அப்படித்தான் இருக்கணும்."

"எங்க கம்பெனி எத்தனையோ இடத்துல போட்டுக் கொடுத்திருக்கு மேடம். யாருமே இப்படிக் கேட்டதில்லை."

"இப்ப நான் கேட்கறேனே. உன்னால முடியுமா, முடியாதா?"

வேதாவிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

"ஏன் முடியாது? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்!"

கிரிஜா போனதும் பக்கத்து மேஜை சாந்தா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பார்த்தீங்களா? தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். வலது கையில பழகின எங்களை எல்லாம் இப்ப இடது கையில தடவ வைக்கறாங்க. எதுக்கு மேடம்னு கேட்டா பதிலே கிடையாது."

"நாற்காலி கிடைச்சா சில பேருக்கு இப்படித்தான்" என்றாள் வேதா. சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். கிறுக்குத்தனமான ஆசையாக இருந்தாலும் செய்து கொடுப்பதில் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

சாயங்காலம் கிரிஜா ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து துருவித் துருவிப் பார்த்தாள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பிரமாதமா பண்ணியிருக்கே. ஆனா கையெழுத்து இன்னைக்கு இல்லை. இவங்களுக்கெல்லாம் ரெண்டு நாள் பழக்கிக் கொடு. புதன்கிழமை ஒரு சோதனை இருக்கு. அதுல தேறினா உடனே போட்டுத் தரேன்."

வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையையும் வாங்கிக்கொண்டு சோதனை வேறா? வைக்கட்டும். என் வேலையில் என்ன குறை கண்டுபிடித்துவிடுவார்கள், அதையும்தான் பார்ப்போமே!

புதன்கிழமை போனபோது செக்‌ஷனே சத்தமில்லாமல் இருந்தது. பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் மேனேஜரும் தொழிற்சாலை டாக்டரும் ஒரு மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் முன்னால் பெரிய மீசையோடு ஒருவர். ரெண்டு நாளும் கடைசி மெஷினில், யாரிடமும் எதுவும் கேட்காமல் தானே பழகிக்கொண்ட அதே மனிதர். அவருடைய வலது கை மடியிலேயே கிடந்தது. அன்றைக்கெல்லாம் அதை வேதா கவனிக்கவே இல்லை.

"பாலசுப்ரமணியன் சார்" என்று சாந்தா காதோரமாகச் சொன்னாள். "ஸ்கூட்டர் ஆக்சிடென்ட்ல வலது கை விளங்காமப் போச்சு. இந்த வேலைக்கு லாயக்கான்னு இன்னைக்குப் பார்க்கறாங்க. இல்லேன்னு சொல்லிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

சோதனை சாஃப்ட்வேருக்கு இல்லை என்பது வேதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பாலசுப்ரமணியனின் இடது கை நிற்கவே இல்லை. வவுச்சர் மேல் வவுச்சராக மெயின்ஃப்ரேமுக்குப் போய்ப் பதிலும் வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு தடவைகூட அவர் எட்ட வேண்டியிருக்கவில்லை.

பர்சனல் மேனேஜர் கிரிஜாவைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்குன்னு ஸ்பெஷலா ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா? சலுகை கொடுத்து வேலைக்கு வெச்சுக்க ரூல்ல இடமில்லை. தெரியுமில்ல?"

"ஒண்ணும் கிடையாது சார். இங்கே எல்லா மெஷினும் ஒரே மாதிரி. எதுல வேணாலும் உட்கார்ந்து பாருங்க."

அவர் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். அடுத்ததிலும் பார்த்தார். டாக்டரிடம் தலையாட்டினார். டாக்டர் "ஃபிட்" என்றார். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அன்று கிரிஜாவைப் பற்றிச் சொன்ன வார்த்தையை நினைத்து வேதாவுக்கு வெட்கமாக இருந்தது.

பாலசுப்ரமணியன் நாற்காலியைத் திருப்பி, மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏம்மா, நீதானே இதை அமைச்சது? இப்படிக் கோணல்மாணலா கீபோர்டு போடச் சொன்னது யாரு, அந்த அம்மாதானே? பொம்பளைக்குக் கீழே வேலை பார்க்க மாட்டோம்னு அந்தம்மா வந்த அன்னைக்கே நான் யூனியன் ஆளுங்களைக் கூட்டி வாசல்ல கேட் மீட்டிங் போட்டுக் கத்தினேன். எவன் கேட்டான்? ஏதோ நானா இருக்கக்கண்டு சமாளிச்சேன்!"

வேதாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், மேடம் இதை உங்களுக்..."

கிரிஜா அவள் கையைப் பிடித்துத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையெழுத்தைப் போட்டுக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னாள்.

"விடும்மா. அவர் என்னைத் திட்டறார்னா, பழைய மனுஷனாத் தேறி வந்துட்டார்னு அர்த்தம்."