மூலையில் ஒரு வடு

அவள் மேசைமேல் வைத்த பாளத்தின் மூலையில் சின்ன வடு. தன் வார்ப்பச்சு பதித்த வடு என்று பட்டறைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிகிறது. போன மாதம் அவளுடைய அண்ணனுக்கு இதை வார்த்துக் கொடுத்தவரே அவர்தான். "அம்மாவோட வெள்ளித்தட்ட உருக்கி, என் பங்குன்னு அண்ணன் குடுத்தான்" என்கிறாள். ஒன்றும் அறியாதவர்போல் அரத்தால் ராவி, அமிலம் ஒரு சொட்டு விடுகிறார். கதவிடுக்கு வெயிலில் அது வெள்ளை மாவாய்ப் பொங்குகிறது. பாளத்தை அவள் காதருகே வைத்து மெல்ல வளைக்கிறார், கிறீச்சென்கிறது. "கேட்டியாம்மா? வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். வெள்ளி இப்படிக் கத்தாது." "அப்ப அண்ணன்..." "சேச்சே! உங்கம்மா வச்சிருந்த தட்டே இதுதான் போல." அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். "அண்ணனப் போயா சந்தேகப்பட்டேன்? கிழவி செத்தும் என்ன ஏமாத்திட்டா." கட்டைவிரலால் வடுவை மூடியபடி பட்டறைக்காரர் பரிவாகத் தலையாட்டுகிறார்.