லாரிக்கு அந்தப் பக்கம்

பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரமில்லாத ஜனங்கள், நாய்க்கு நாயோடு பழகச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வைக்கிறார்கள். தாவீது காறித் துப்பினார்.

துப்பினாலும் வந்துதான் நின்றார். வேறு வழியில்லை.

போன மாதம் அவருடைய நாய் செவலை, பக்கத்து வீட்டு லோகுவின் நாயின் காதைக் கிழித்துவிட்டது. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு நாய்கள். இனி ஒரு தடவை நடந்தால் நாயைத் துரத்து, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரி ஜோதிலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள்.

மனைவி செத்த பிறகு அந்த ஒற்றை அறையில் அவரோடு மூச்சு விடுகிற உயிர் செவலை ஒன்றுதான்.

ஆரணியில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெனிபர்தான் போனில் தேடி, நாய் பழக்குகிற இந்தப் பூமிகாவைப் பிடித்திருந்தாள். சோழவரத்துப் பெண். பேண்ட் போட்டு, இடுப்பில் பிஸ்கட் பை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்ததுமே ஏமாற்றுக்காரி என்று தாவீது முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சிப்காட் ரோட்டில் ஈ காக்கை கூட இல்லை. ஓரமாக ஒரு கண்டெய்னர் லாரி மட்டும் நின்றது.

"தாத்தா, லாரிக்கு அந்தப் பக்கம்தான் என் நாயக் கட்டி வெச்சிருக்கேன். கூட்டியாறேன். எப்பவும் வேற நாயப் பாத்தா நீங்க இன்னா பண்ணுவீங்களோ, அதையே பண்ணுங்க."

சொல்லிவிட்டு அவள் லாரியைச் சுற்றிப் போனாள்.

தாவீது காலை அகட்டி ஊன்றினார். சங்கிலியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். ரோலிங் மில்லில் முப்பது வருஷம் பழுத்த கம்பியைக் கொறடால் பிடித்து இழுத்த கை. நாயை இழுத்துத் தொடையோடு ஒட்டவைத்தார். மூச்சு தானாக நின்றது.

லாரியின் டயர்களுக்கு நடுவே கால்கள் அசைந்தன.

செவலையின் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. அடுத்த நொடி பின்னங்கால்களில் எழும்பி, எச்சில் தெறிக்க, லாரியைப் பார்த்துப் பாய்ந்தது. சங்கிலி அவர் கையை அறுத்தது.

"பாத்தியாம்மா? நான் சொல்லல? இது திருந்தாத ஜென்மம்!"

போயிற்று. எல்லாம் போயிற்று.

லாரியின் முன்பக்கமாகப் பூமிகா வந்தாள்.

வெறுங்கையோடு வந்தாள்.

"உன் நாயி எங்க?"

"ஊட்ல தூங்கினு கீது தாத்தா. நான் கூட்டியாரவே இல்ல."

தாவீது அவளை நம்பவில்லை. குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தார். எண்ணெய்க் கறை. செவலையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்ப் பார்த்தார். முள்செடி. கிழிந்த சாக்கு. ஒரு பெருச்சாளி கூட இல்லை.

இல்லாத நாயைப் பார்த்து இது எப்படிப் பாய்ந்தது?

செவலை அவர் காலடியில் நடுங்கிக்கொண்டு, லாரியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க பயப்படுறீங்க தாத்தா. அந்தப் பயம் சங்கிலி வழியா நாயிக்குப் போவுது. அத்த கொஞ்சம் தளத்திப் புடிங்க."

பயமா? கொதிக்கிற கம்பிக்கு நடுவில் நின்றவனுக்கா?

"உன் துணில நாயி வாசன அடிக்குது. அதுக்குத்தான் பாஞ்சிச்சி. யார்கிட்ட கத உடுற?"

சங்கிலியைக் கையிலிருந்து உருவித் தரையில் வீசினார். திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

"ஐயோ, புடிங்க தாத்தா! வுடாதீங்க!" பூமிகா பின்னால் ஓடி வந்தாள்.

முக்கில், டீக்கடை வாசலில் நான்கு தெருநாய்கள் படுத்திருந்தன. தாவீது தாண்டிப் போன பிறகே எழுந்து நின்றன.

அவருக்குப் பின்னால் தார்ரோட்டில் செவலையின் சங்கிலி உரசிக்கொண்டு வந்தது. டீக்கடைக்கு நேராக வந்ததும் அந்தச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. ஓர் உறுமலுக்காக, ஒரு கடிக்காக முதுகு முழுக்கக் காதாகக் காத்திருந்தது.

ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சங்கிலி மறுபடி உரச ஆரம்பித்தது. அவர் குதிகாலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"நாலும் கெழட்டு நாயிங்க. அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பாமலே நடந்தார்.