முள் நிற்கும் இடம்

சண்முகவடிவு ஏறி நின்றதும் எடை மெஷினின் முள் ஓடிப்போய் நூற்றிருபதில் டக்கென்று முட்டி நின்றது. அந்த மெஷினில் அதற்கு மேல் எண் கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர், எப்போதும்போல ஃபைலில் 120 என்று எழுதினார்.

"ஆறு வருஷமா ஒரு கிலோகூட ஏறலை. இதுக்குப் போயி எடை குறைக்க ஆபரேஷன்னு வயித்தை அறுக்கணுங்கிற. இன்சூரன்ஸுக்கு லெட்டரெல்லாம் தர மாட்டேன். சோத்தைக் குறை, நட."

"முள் அதுக்கு மேல போகாது டாக்டர்."

"அதைத்தானே நானும் சொல்றேன், போகலைன்னு."

செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் தாண்டுவதற்குள் அழுகையோ கோபமோ வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

அடுத்த தெருவில் லாரி பார்சல் ஆபீஸ் திறந்திருந்தது. மூட்டைகளை ஏற்றும் இரும்புத் தராசில் செருப்போடு ஏறி நின்றாள். அதன் திரையில் சிவப்பு எண்களில் 146.300 என்று வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டணும். சீட்டு போட்டுக் குடுங்க" என்றாள்.

மேஜைக்காரர் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொருள் என்னன்னு எழுத?"

"ஒண்ணும் எழுத வேண்டாம்."

"அந்தக் கட்டம் காலியா இருந்தா சீட்டு செல்லாதும்மா."

அவள் இறங்காமலே தன் பெயரைச் சொன்னாள். அவர் அதை எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"உடையுற சாமானா?"