ஏழாம் இலக்கத்தாரின் சுகம்

கொதித்து அடங்கிய பிறகும் குழாய் நீலமாகவே இருந்தது.

கலாநிதி இராசநாயகம் அதை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் நீலம்தான். சீனி இருந்திருந்தால் நிறம் மாறியிருக்கும். ஏழாம் இலக்க நோயாளியின் சிறுநீரில் சீனி இல்லை.

"வெற்றி," என்றார். முற்றத்துக் கோழி ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

யுத்தத்தால் யாழ்ப்பாணத் தீவுகளுக்கு இன்சுலின் வராமல் போன காலம். கொழும்பு மறித்ததை ஆண்டவன் வேலியில் படரவிட்டிருக்கிறான் என்பது கலாநிதியின் கட்சி. சிறுகுறிஞ்சா இலையை நிழலில் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, வேலணையிலிருந்து கடல் நடுவே போகும் தாம்போதியால் சைக்கிள் மிதித்து, இறுப்பிட்டி வரை கொண்டுவந்து சலரோகக்காரருக்குக் கொடுத்தார். கரியரில் கட்டிய பிஸ்கற் ரின்னுக்குள் சோதனைக் குழாய், கரைசல் போத்தல், அடுப்பெரிக்கக் காய்ந்த பனங்கொட்டை ஊமல் கொஞ்சம். அந்த ரின்னுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'நடமாடும் ஆய்வுகூடம்'.

அவர் கலாநிதிப் பட்டம் எடுத்தது தாவரவியலில். சனம் அவரை டொக்டர் என்றது. அவர் திருத்தவில்லை. சனத்தின் நம்பிக்கையும் சிகிச்சையில் ஒரு பங்கு என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் மூலிகை அறிஞர் கூட்டம். அங்கே ஏற்றுக்கொண்டால், மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளில் இன்சுலினுக்குப் பதில் இவருடைய தூள்தான். ஆனால் மற்ற நோயாளிகளின் குழாய்கள் அவருக்குத் துரோகம் செய்துவிட்டன. ஒன்று மஞ்சள், மிச்சமெல்லாம் செங்கல் நிறம். விஞ்ஞானத்தின் பக்கம் நின்றது ஏழாம் இலக்கம் மட்டும்.

ஏழாம் இலக்கத்தாரின் மனைவி அன்னபூரணம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். போன மாதங்களைப் போலவே சிறுநீர்ப் போத்தலைக் காலையிலேயே கிணற்றுக்கட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

"தாகம் எப்பிடி?" குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தண்ணி கேக்கிறேல்லை ஐயா."

"இரவிலை அடிக்கடி எழும்பிறவரோ?"

"இல்லை."

"காலிலை எரிவு?"

"அதுவும் விட்டிட்டுது. இப்ப ஒண்டுக்கும் குறை சொல்லுறேல்லை."

நோயின் குறிகள் யாவும் நீங்கின. கூட்டத்தில் வாசிக்கப்போகும் கட்டுரையின் கடைசி வசனம் கலாநிதிக்குள் தானாகவே அமைந்தது.

"அப்ப மனிசனைக் கூப்பிடும். ஒரு படம் எடுக்கவேணும். பிலிமிலை ஒண்டுதான் மிச்சம் கிடக்கு."

அந்த மனிசனை அவர் முதல் நாள் பார்த்ததோடு சரி. நோயாளியைப் பார்ப்பது வைத்தியரின் வேலை. ஆராய்ச்சியாளருக்கு நோயாளியின் சிறுநீர் போதும்.

அன்னபூரணம் அசையவில்லை.

"எழும்ப ஏலாதெண்டால் நான் உள்ளை வாறன். யன்னலைத் திறந்தால் வெளிச்சம் காணும்."

அறைக்குள் கட்டில் இருந்தது. படுக்கை சுருட்டியிருந்தது. தலைமாட்டில் தோய்த்து மடித்த வேட்டி. கதிரையில் மாலை காய்ந்துபோன ஒரு படம். படத்துக்கு முன்னால் மூக்குப்பேணியில் கரைத்து வைத்த தூள், பச்சையாக.

கலாநிதி திரும்பி அவளைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி. வெறுங்கழுத்து. வெள்ளைச் சேலை.

அவள் எதையும் ஒளித்திருக்கவில்லை. இத்தனை மாதமும் இப்படியேதான் அவர் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். அவர்தான் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எப்ப?"

"நீங்கள் முதன்முதல் தூள் தந்த கிழமையே."

"அப்ப இந்தக் குழாயிலை கிடக்கிறது?"

"என்ரை. நீங்கள் போத்தலைத்தானே கேட்டனீங்கள்."

ஆராய்ச்சியின் புனிதம் பற்றி ஒரு பிரசங்கம் கலாநிதியின் தொண்டை வரை வந்தது. அதற்கு முதல் அவள் பேசினாள். மெல்லிய குரல், இறைஞ்சல் இல்லை.

"செத்தவீட்டுக்கு வந்தவை, எட்டாம் நாளுக்கு வந்தவை, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியோடை எல்லாம் முடிஞ்சுது. நல்ல மனிசன், பாவம் எண்டு சொல்லிப்போட்டுச் சனம் தன்ரை பாட்டைப் பாக்குது. நீங்கள் ஒராள்தான் ஐயா, சைக்கிளாலை இறங்கேக்கையே, அவர் எப்பிடி இருக்கிறார் எண்டு கேட்டுக்கொண்டு வாறனீங்கள். அப்பிடிக் கேக்கிற ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."



கலாநிதி கையிலிருந்த குழாயைப் பார்த்தார். நீலம் இன்னும் நீலமாகவே இருந்தது. அழகான நீலம். வெள்ளிக்கிழமைக்கு இது போதும். இதற்குப் பின்னால் ஆள் இல்லை என்பது இந்த அறையில் நிற்கும் இருவருக்கும்தான் தெரியும். செங்கல் நிறக் குழாய்களுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிகளில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றொரு நினைவு குறுக்கே வந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இந்தச் சுகம் நிலைக்கவேணும்," என்றார் கடைசியில்.  "அளவைக் கொஞ்சம் கூட்டுவம். காலமை குடுக்கிறதைப் போலை, இனிப் பின்னேரமும் அரைக் கரண்டி கரைச்சுக் குடும்."

 அன்னபூரணம் வெறுங்கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, ஐயா சொன்னது கேட்டதே?"

கலாநிதி இராசநாயகம் பதிலுக்குக் காத்து நின்றார்.