கூட்டத்தில் ஒரு குரல்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வகுப்பறையைக் காட்டுகிறேன். மூன்று பிரிவுகளை ஒன்றாக அடைத்த பாட்டு வகுப்பு. பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் ஏறி வெளிச்சத்தை மறைக்கிறார்கள். இசைப்பள்ளியில் இலவசமாகச் சேர்க்க, பாட்டு டீச்சர் இன்றைக்குள் ஒரு பிள்ளையைச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் சேர்ந்து பாடும் அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல் பிசிறில்லாமல் மேலே ஏறுவது அவள் காதில் விழுகிறது. யாரென்றுதான் தெரியவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து, ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொடுக்கிறாள். "டேய், தப்பா பாடுறவங்களைப் பிடிக்க வர்றாங்கடா, வாயை மூடு!" என்று ஒரு பையன் கிசுகிசுக்கிறான். அவள் போகிற பக்கமெல்லாம் பாட்டு அணைகிறது. "திட்ட மாட்டேன் தங்கங்களா, பாடுங்க!" "நான் இல்ல டீச்சர், இவதான்!" "அய்யோ, நான் வாயே திறக்கலை டீச்சர்!" என்று பின்னல் அவிழ்ந்த ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். அந்தக் குரல் மறுபடி எழவேயில்லை. மணி அடிக்கிறது. இவர்கள் வெளியே முண்ட, அடுத்த வகுப்புக் கூட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. நடுவில் அவள் இன்னும் குனிந்தபடியே நிற்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாடும்போது, இன்னார் குரலென்று அறிந்து கேட்க ஒரு காது எப்போதும் இருக்கட்டும், குடும்பத்தோடு நன்றாயிருங்கள்.